ரப்பர் புழுக்களை ஆறவிடும் விதம்

ரப்பர் புழுவுக்கு ரிப்பன் கட்டிய மனிதர் நீலகிரி மாவட்டத்திலேயே ஏகநாதன் ஒருவராகத்தான் இருப்பார். அதுவும் தங்க நிற ரிப்பன். குன்னூரில் சுற்றுலா வருகிறவர்களுக்குச் சாக்லேட் விற்கும் கடைகளில் பெட்டிக்குக் குறுக்கே கட்டித் தருவார்களே, அதே ரிப்பன். அவருடைய மனைவி மஞ்சு வீட்டிலேயே சாக்லேட் செய்து அந்தக் கடைகளுக்குப் போடுகிறவர் என்பதால் வண்டிச்சோலையில் அவர்கள் வீட்டில் ரிப்பனுக்கும் பெட்டிக்கும் குறைவே கிடையாது.

"ஏனுங்க, மீனுக்குப் போடற புழுவுக்கு இத்தனை சோடனையா? கருப்பண்ணா பார்த்தா சிரிக்கப் போறாருங்க" என்றார் மஞ்சு.

"சிரிக்கட்டும். சிரிச்சாருன்னாவே எனக்குப் பாதி வேலை முடிஞ்சுது."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தூண்டில் சிநேகிதர் கருப்புசாமி மலையை விட்டு இறங்கித் திருப்பூருக்கு மகள் ஷண்முகப்ரியா வீட்டோடு போய் நான்கு வருஷம் ஆகிறது. இந்த நான்கு வருஷத்தில் ஏகநாதன் எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டார். ஒரு தடவை காய்ச்சல், ஒரு தடவை பேரன் பரீட்சை, ஒரு தடவை மேட்டுப்பாளையம் ரோட்டில் மண்சரிவு என்று ஏதாவது ஒரு காரணம் வந்துகொண்டே இருந்தது. போன மாதம் கூப்பிட்டபோதுதான், "ஒரு தடவ வாரேன் தம்பி. பேந்து என்னைய மீனுக்குக் கூப்பிடக் கூடாது. சரியா?" என்றார்.

"சரிங்ணா" என்று சொல்லி வைத்துவிட்டாரே தவிர, ஏகநாதனுக்கு அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இருபது வருஷம் தோளோடு தோள் உட்கார்ந்து தூண்டில் போட்ட மனிதர் பேசுகிற பேச்சா இது? பிறகு அவரே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். அவர் வரப்போகிற அந்த ஞாயிறு ஒரு குறையும் இல்லாமல் அமைந்துவிட வேண்டும். அமைந்துவிட்டால் மனுஷனுக்குப் பழைய ருசி திரும்பிவிடும், மாதம் ஒரு ஞாயிறாவது வந்துவிடுவார். சொதப்பினால் அத்தோடு சரி. அதற்காகத்தான் அந்த ரிப்பன்.

ஏகநாதன் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கருப்புசாமி கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். பதினாலு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு கப்பலேறி வந்தார். ஐம்பது வருஷம் ஆகியும் டீயைத் தேத்தண்ணி என்றுதான் சொல்வார். அப்புறம் என்பதற்குப் பேந்து என்பார். இரண்டு பேரும் சந்தித்தது எமரால்டு அணைக்கரையில். மீன்வளத் துறைச் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பாறையில் காலையிலிருந்து மண்புழுவை நனைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒன்றும் மாட்டவில்லை. ஒன்றும் மாட்டாத இரண்டு பேர் சிநேகிதம் ஆவது சுலபம்.

ரப்பர் புழு அவர்கள் வாழ்க்கையில் வந்தது அதற்குப் பிறகு. பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் கரையில் மறந்துவிட்டுப் போன பொட்டலத்தில் ஏழெட்டு இருந்தன. விரல் நீளம், வாலில் ஒரு சுருள், தொட்டால் வழவழவென்று உயிருள்ள புழுவைப் போலவே துவண்டன. தூண்டில் முள்ளில் கோத்துப் போட்டால் டிரவுட் மீன் ஏமாந்து ஓடி வந்தது. எல்லாம் கிழிந்து முடிந்த பிறகு, இதை நாமே செய்தால் என்ன என்று கருப்புசாமி கேட்டார். டி-சர்ட்டில் படம் அச்சடிக்கத் திருப்பூரில் ஒரு பிளாஸ்டிக் பசை பயன்படுத்துவார்கள். அவருடைய உறவுக்காரர் ஒருவர் அந்தப் பட்டறையில் இருந்ததால் பசையும், அதை இளக்குகிற எண்ணெயும் மலையேறி வந்தன. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு செய்தார்கள். வாசத்துக்கு ஊட்டித் தைலம் கலந்தால் பிரமாதமாக இருக்கும் என்பது ஏகநாதனின் யோசனை. அன்றைக்கு அணைக்கரை முழுக்கச் சளி பிடித்த வீடு மாதிரி மணந்தது. ஒரு மீன்கூடப் பக்கத்தில் வரவில்லை. அதை வைத்தே கருப்புசாமி பத்து வருஷம் கேலி செய்தார். பிறகு சோம்பு எண்ணெய்க்கு மாறினார்கள்.

காய்ச்சி ஊற்றுவது ஏகநாதனின் வேலை. பால் மாதிரி இருக்கிற பசை சூட்டில் முதலில் கூழாக இறுகும், கிண்டிக்கொண்டே இருந்தால் கஞ்சித் தெளிவு மாதிரி இளகிப் பளபளக்கும். அந்த நொடியில் அச்சில் ஊற்ற வேண்டும். அவர் ஊற்றுவதில் கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அச்சிலிருந்து எடுத்த பிறகு ஒரு புழுவைக்கூடத் தொட அவருக்கு அனுமதி கிடையாது. அது முழுக்கக் கருப்புசாமியின் ராஜ்ஜியம். பச்சைத் தண்ணீரில் போட்டு எடுப்பார். ஒவ்வொன்றையும் தலைப்பக்கம் மெல்லிய ஊசியால் குத்தி, எஸ்டேட் தொழிலாளர் வரிசையில் இருந்த தன் லயத்து வீட்டுக்குள் வெயில் படாத மூலையில் கொடி கட்டி நேராகத் தொங்கவிடுவார். முழுசாக இரண்டு நாள் தொங்க வேண்டும். வால் சுருள் ஒட்டிக்கொண்டால் விரல் நுனியால் பூப்போலப் பிரித்துவிடுவார். பிறகு கறுப்புக்கு ஒரு கவர், பச்சைக்கு ஒரு கவர், சிவப்புக்கு ஒரு கவர் என்று பாலிதீன் கவரில் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டு, மடங்காமல் படுக்கவைத்துத் தகரப் பெட்டியில் அடுக்குவார்.

"பிரசவமான பொம்பளைக்குக் கூட இத்தனை பக்குவம் பார்க்க மாட்டாங்ணா" என்பார் ஏகநாதன்.

"ஒனக்குத் தெரியாது, வாயப் பொத்து" என்பார் அவர்.

ஏகநாதனும் வாயைப் பொத்திக்கொண்டார். ஏன், எதற்கு என்று இருபது வருஷத்தில் ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த லயத்து வீட்டுக்குள் நுழைந்தால் தலைக்கு மேல் வரிசை வரிசையாகக் கறுப்பும் பச்சையும் சிவப்புமாகத் தொங்குவதும், அதற்குக் கீழே கருப்புசாமியின் மனைவி கருப்பம்மா திட்டிக்கொண்டே சோறு போடுவதும், வெளியே பனி இறங்குவதும் என்றைக்கும் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிட்டார். கருப்பம்மா காலமான பிறகு, மகள் வந்து அழைத்தபோது, கருப்புசாமி தகரப் பெட்டியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டார்.

இப்போது தனியாளாகப் பசையை வரவழைத்து, பின்கட்டில் அடுப்பு வைத்து, ஏகநாதன் முப்பத்தாறு புழு ஊற்றினார். ஊற்றியது அருமையாக வந்தது. சாயங்காலம் துணிக்கொடியில் தொங்கவிட்டார். மறுநாள் காலையில் பனிமூட்டம் வந்து தூறலும் விழவே தொட்டுப் பார்த்தார். சில்லென்று கெட்டியாக இருந்தது. சாக்லேட் செய்கிற வீட்டில் முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு, குளிர்ந்து கெட்டியானால் வேலை முடிந்தது என்றுதானே தோன்றும்? எடுத்துவிட்டார். மஞ்சுவின் பெட்டிகளில் நல்லதாக, கண்ணாடி மாதிரி கடினமான பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கலவைச் சாக்லேட் அடுக்குவது போல ஒரு கறுப்பு, ஒரு பச்சை, ஒரு சிவப்பு என்று மாற்றி மாற்றி மூன்று அடுக்கு வைத்து மூடி ரிப்பன் கட்டினார். மூடின பெட்டியை மறுபடி திறக்கக் கூடாது, கைரேகை விழும் என்பது மஞ்சுவின் சட்டம். பதினைந்து நாளும் அவர் திறக்கவில்லை. பீரோவில் வைத்து, தினமும் ரிப்பனை மட்டும் பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமையே கருப்புசாமி கீழ் கோத்தகிரியில் மச்சான் வீட்டுக்கு வந்து தங்கிவிட்டு, ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஊட்டி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினார். ஏகநாதன் ஓடிப் போய்க் கையைப் பிடிக்கப் போனார். கருப்புசாமியின் இரண்டு கையும் ஜெர்கின் பைக்குள் இருந்தன. வெளியே வரவில்லை.

"வாங்ணா, இளைச்சுட்டீங்களே."

"வயசாவுதுல்ல" என்றார். அவ்வளவுதான்.

"ஒரு டீ சாப்பிட்டுப் போலாம், வாங்க."

"வேணாம்."

ஏகநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேண்டாமா? காலையில் மூன்று டம்ளர் தேத்தண்ணி உள்ளே போகாமல் தூண்டிலைத் தொடாத மனிதர்! எமரால்டு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து ஏகநாதன் பழைய கதையெல்லாம் எடுத்துவிட்டார். தைலக் கதையைக்கூடத் தன் மேலேயே சொல்லிக் கேலி செய்துகொண்டார். கருப்புசாமி ஜன்னல் பக்கம் பார்த்தபடி உம், உம் என்றார். கேரட் தோட்டங்கள் போயின, தேயிலை போயிற்று, அணைத் தண்ணீர் மரங்களுக்கு நடுவே தெரிந்தது. அப்போதும் முகம் மாறவில்லை. இவர் நம்மோடு வரவில்லை, ஒரு கடனைக் கழிக்க வந்திருக்கிறார் என்று ஏகநாதனுக்குத் தோன்றிவிட்டது. கோபமும் வந்தது. அதைக் காட்டிலும் துக்கம் வந்தது. எஞ்சியிருந்த நம்பிக்கை பைக்குள் இருந்த பெட்டி மட்டும்தான்.

கரைக்குப் போய் எப்போதும் உட்காரும் பாறையில் உட்கார்ந்ததும் பெட்டியை எடுத்து நீட்டினார்.

"உங்களுக்குத்தாங்ணா. நானே ஊத்தி, நானே அடுக்கினது."

கருப்புசாமி கையை நீட்டவில்லை. "நீயே தொற" என்றார்.

ஏகநாதன் ரிப்பனை இழுத்தார். மூடி வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தார். மூடி பபிள் கம் மாதிரி இழுபட்டு நூல் நூலாக வந்தது. உள்ளே புழு என்று ஒன்று இல்லை. முப்பத்தாறும் ஒன்றோடொன்று ஒட்டிக் குழைந்து, கறுப்பு பச்சையில் ஊறி, பச்சை சிவப்பில் ஊறி, சேற்று நிறத்தில் ஒரு கட்டி. பெட்டியின் அடித்தட்டும் இளகி அந்தக் கட்டிக்குள் இறங்கியிருந்தது. ஏகநாதன் முகத்தில் ஈயாடவில்லை.

"எத்தன நாள் தொங்கவிட்ட?" என்றார் கருப்புசாமி.

"ஒரு ராத்திரி."

"கலர் எல்லாத்தையும் ஒண்ணா வச்சியா?"

"ஆமாங்ணா. பார்க்க அழகா இருக்கும்னு."

"ஆறாத புழு எண்ணெய் விட்டுக்கிட்டே இருக்கும் தம்பி. பக்கத்துல எந்த நெறம் இருக்கோ அத இழுத்துக்கும். அந்த எண்ணெய் பட்டா இந்த மாதிரிக் கண்ணாடிப் பெட்டியெல்லாம் கரைஞ்சு போயிரும். அதுக்குத்தானே கவரு, தகரப் பெட்டி எல்லாம்." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தி, பெருமூச்சு விட்டார். "நல்லதாப் போச்சு."

ஏகநாதனுக்குச் சுருக்கென்றது. "எதுங்ணா நல்லது? பதினஞ்சு நாளா நான் சோறு தண்ணி இறங்காம இதையே நினைச்சுட்டு இருந்தேன். மீன் பிடிக்கிறது முடியாமப் போனா உங்களுக்கு அவ்வளவு சந்தோஷமுங்களா? என்னோட வர்றதே புடிக்கலைன்னா நேராவே சொல்லியிருக்கலாமுங்களே!"

கருப்புசாமி ஜெர்கின் பையிலிருந்து இரண்டு கையையும் எடுத்து முழங்கால் மேல் வைத்தார். வலது கை ஆடியது. குளிரில் ஆடுகிற ஆட்டம் இல்லை. நிற்காமல், விரல்கள் தாங்களாகவே எதையோ உருட்டுவது போல ஆடியது. இடது கை கொஞ்சம் குறைவாக ஆடியது.

"மூணு வருஷமாச்சு" என்றார். "மாத்திர சாப்பிடுறேன். நிக்க மாட்டேங்குது. தேத்தண்ணி டம்ளரத் தூக்கினா பாதி சட்ட மேல. முள்ளுல புழுவக் கோக்க முடியாது, தூண்டில் நரம்புல முடிச்சுப் போட முடியாது. ஒரு தடவ வந்து மூஞ்சியக் காட்டிட்டு, கையக் காட்டாமப் போயிரலாம்னு பாத்தேன். மழ வந்தாத் தேவலன்னு வழியெல்லாம் வேண்டிக்கிட்டு வந்தேன். என் பழைய கையத்தானே நீ பாத்திருக்க. அப்பிடியே நெனப்புல இருந்துட்டுப் போவட்டுமேன்னுதான்."

சுருண்ட வாலைப் பூப்போலப் பிரித்த விரல்கள் அவை. ஏகநாதன் அவற்றைப் பார்க்க முடியாமல் தண்ணீரைப் பார்த்தார், தண்ணீரைப் பார்க்க முடியாமல் மறுபடி அவற்றையே பார்த்தார். இந்த மனிதர் மூன்று வருஷம் ஒவ்வொரு போனுக்கும் ஒரு பொய்யைத் தேடித் தேடிச் சொன்னதை நினைத்தபோது, தான் கோபப்பட்டதற்கெல்லாம் வெட்கமாக இருந்தது.

ஏகநாதன் பையிலிருந்து கத்தியை எடுத்தார். கட்டியைப் புரட்டிப் பார்த்ததில், ஓரத்தில் ஒரு கறுப்புப் புழு பாதிதான் இளகியிருந்தது. அதை அறுத்தெடுத்து, தொங்கிய பிசிரைச் சீவி, முள்ளில் கோத்தார். பாறைக்கு அப்பால் ஆழமான இடம் பார்த்து வீசினார். புழு அடியில் போய்ச் சேரும் வரை நரம்பை விட்டுவிட்டு, தூண்டில் கம்பைக் கொண்டுபோய்க் கருப்புசாமியின் மடியில் வைத்தார்.

"விளையாடாத தம்பி."

"சும்மா பிடிங்ணா. எனக்குப் பை எடுக்கணும்."

பொய்தான். பை காலடியிலேயே இருந்தது. கருப்புசாமி வேறு வழியில்லாமல் பிடித்தார். கம்பின் நுனி கைக்கேற்ப ஆடியது. சிறு ஆட்டம், விடாத ஆட்டம். ரப்பர் புழுவைத் தண்ணீருக்குள் உயிரோடு காட்ட, நுனியை இப்படித்தான் பொடிப்பொடியாக அசைக்க வேண்டும். ஏகநாதனுக்கு அது இருபது வருஷமும் கைவரவில்லை. அவர் அசைத்தால் புழு துள்ளி ஓடும், மீன் மிரளும். கருப்புசாமிக்குமே அந்தக் காலத்தில் பத்து நிமிஷத்துக்கு மேல் மணிக்கட்டு கடுக்கும். இப்போது அவர் ஒன்றுமே செய்யவில்லை. கை பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

கால் மணி நேரம் போயிருக்கும். நுனி ஒரு முறை ஆட்டத்தை நிறுத்தி, வெடுக்கென்று வளைந்தது.

"தம்பி!"

"விடாதீங்ணா! தூக்குங்க, தூக்குங்க!"

"எங்க தூக்குறது, கை நிக்க மாட்டேங்குது, நீ பிடி!"

"நான் பிடிக்க மாட்டேன். நீங்களே தூக்குங்க!"

கருப்புசாமி எழுந்தே நின்றுவிட்டார். கம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஆடுகிற கையால் சுற்றினார். இரண்டு சுற்று சுற்றினால் ஒரு சுற்று நழுவியது. வாயில் வந்த வசவையெல்லாம் மீனுக்குக் கொடுத்தார். கரைக்கு நான்கு முழம் இருக்கும்போது டிரவுட் ஒன்று பக்கவாட்டில் புரண்டு, வயிற்றுச் சிவப்பு மின்ன ஒரு தரம் காட்டிவிட்டு, அரைகுறைப் புழுவைக் கிழித்துக்கொண்டு போயே போய்விட்டது. நரம்பு தொளதொளவென்று திரும்பி வந்தது.

ஏகநாதனுக்குப் பயமாக இருந்தது. இதோடு மனிதர் உடைந்துபோய்விடுவாரோ, கிளம்பலாம் என்பாரோ என்று வாயையே பார்த்தார்.

"ஆறாத புழு" என்றார் கருப்புசாமி. குரலில் அசல் கோபம். "ரெண்டு நாள் தொங்கியிருந்தா இப்பிடிக் கிழியுமா? ஒன்றரைக் கிலோ தேறும் தம்பி அது. பாத்தியா இல்லையா? ஒன்னோட அவசரத்தால போச்சு!"

"தப்புத்தாங்ணா."

"தப்பு இல்ல, கொழுப்பு. சாக்லேட் பெட்டியாம், ரிப்பனாம்." பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். கைகள் மடியில் ஆடிக்கொண்டிருந்தன. அவர் அவற்றைப் பைக்குள் விடவில்லை. "வெள்ளிக்கெழம காலையிலேயே ஒன் ஊட்டுக்கு வந்துர்றேன். நீ ஊத்து. ஊசி குத்திக் கொடியில நீயே மாட்டு, நான் பக்கத்துல குந்திக்கிட்டுச் சொல்றேன். ஞாயித்துக்கெழம வரைக்கும் ஒருத்தனும் தொடக் கூடாது."

மாதம் ஒரு ஞாயிறு கிடைத்தால் போதும் என்று பதினைந்து நாளாக ஏங்கிய ஏகநாதன், குரலை அடக்கிக்கொண்டு கேட்டார். "எந்த வெள்ளிக்கிழமைங்ணா?"

"எந்த வெள்ளிக்கெழமன்னா? இந்தா வர்ற வெள்ளிக்கெழமதான்."

ஏகநாதனுக்கு அழுகை வந்துவிட்டது. அறுபத்திரண்டு வயதில், பட்டப்பகலில், நாலு பேர் நடமாடுகிற அணைக்கரையில் அழுதார். கருப்புசாமி அதைக் கண்டுகொள்ளாதவர் போல நரம்பில் சிக்கியிருந்த பாசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மஞ்சுகிட்டச் சொல்லி வையி" என்றார் பிறகு. "மூணு நாளும் எனக்குச் சோத்துக்கு ஒரு கரண்டி வேணும். கையால அள்ளினா பாதி கீழ போவுது."